டாக்டர் கேட்ட மூன்றாவது கேள்வி

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. அரை நாள் லீவு என்றார்கள், முதல் ஆளாகப் போய்ப் படுத்தேன். இரண்டு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து கடிதம் வந்தது: ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் கிருமிச் சோதனையில் சந்தேகம் இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள்.

போத்தனூர் வீட்டில் அதை முதலில் படித்தவள் என் மனைவி. காமாலை என்று நினைத்து உடனே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தாள். என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சளே காணமுங்க?" என்றாள், ஏமாந்தவள் மாதிரி.

மறுநாள் டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"பச்சை குத்தியிருக்கீங்களா?"

இல்லை.

"காமாலை வந்திருக்குதுங்களா?"

இல்லை.

"எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"அவருக்கு ஆஸ்பத்திரி வாசலே தெரியாதுங்க டாக்டர்," என்றாள் அவள் பெருமையாக.

"ஏத்தியிருக்காங்க," என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின வருடம் சத்தியமங்கலம் ரோட்டில் பைக்கோடு விழுந்தேன். வயிற்றில் ஆபரேஷன், இரண்டு பாட்டில் ரத்தம். பெண் வீட்டில் தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்று அம்மா மறைத்துவிட்டார். தழும்பைப் பற்றி மனைவி கேட்டபோது, தென்னைமரத்தில் ஏறிச் சறுக்கியது என்று நானும் கதை விட்டிருந்தேன்.

"பன்னெண்டு வருசமா அந்தத் தென்னமரத்த நம்பிட்டு இருந்தேனுங்க," என்று அவள் டாக்டரிடம் முறையிட்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து எழுதினார்.

மறுபடி ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவள் என்னிடம் அளவாகத்தான் பேசினாள். எனக்கோ ராத்தூக்கம் போய்விட்டது.

"அப்ப ஏத்துன ரத்தத்துல வந்திருக்கும். கிருமி வந்துபோன அடையாளம் இருக்குதுங்க. ஆனா இப்பக் கிருமி இல்லை. உங்க உடம்பே விரட்டிப்போட்டுது," என்றார் டாக்டர். "ஆறு மாசம் கழிச்சு இன்னொருக்கா பார்த்துக்கலாம். ரத்தம் மட்டும் இனி குடுக்காதீங்க." ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் கிருமி இல்லை.

முதல் முடிவு கேட்ட அன்று திரும்பும் பஸ்ஸில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் கோபம் எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுதுங்களா?" என்றாள்.

"வலிச்சுது அம்மணி," என்றேன். பைக் சறுக்கியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். இறங்கவேண்டிய ஸ்டாப்பையும் தாண்டிவிட்டோம்.