பேப்பரில் வந்தால்தான் பேச்சு

என் வீட்டுக்காரர் மலைப்பாதை பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர். போளூரில் வண்டி கிளம்பினால் ஜமுனாமரத்தூர் வந்து சேரும்வரை வாய் மூடாது. "ஏறுறவங்க ஏறுங்க, யோசிக்கிறவங்க அடுத்த வண்டியில யோசிங்க" என்பார். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் யாராவது ஒரு வார்த்தையை ருசியாகச் சொல்லிவிட்டால் நோட்டில் எழுதிவைத்துக்கொள்வேன். அந்த நோட்டில் பாதி அவர் சொன்னதுதான்.

தொண்டையில் கட்டி என்று அறுத்தெடுத்தபோது குரலும் அதோடு போயிற்று. கழுத்தில் ஒரு ஓட்டை, மூக்கில் ஒரு குழாய், வாயோரம் எந்நேரமும் வழிகிற எச்சில். மருந்து ஏற்றியதில் விரல்கள் மரத்துப்போய்ப் பேனா பிடிக்க வரவில்லை. கட்டைவிரலால் ஃபோனில் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டுவார். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

கட்டி மறுபடியும் வளர்கிறது என்றார்கள். இன்னொரு தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்க்கலாம், ஆனால் குணமாகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். போன தடவை கரண்ட் வைத்ததில் கழுத்துத் தோல் கருகி உரிந்தது. அவர் முடிவு செய்துவிட்டார், இனிமேல் போவதில்லை என்று. அவருடைய அண்ணனும் முடிவு செய்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துவந்து தம்பியைக் கூட்டிப்போவது என்று.

இவர் ஃபோனில் தட்டிக் காட்டினார். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், கையால் ஒதுக்கிவிட்டார். "ஃபோன்ல வர்றதெல்லாம் நெசமா? அதுல எவன் வேணா இன்னா வேணா எழுதுவான். பேப்பர்ல வந்தாத்தான் பேச்சு." அவர் எப்போதுமே அப்படி. நிலத்து விவகாரமானாலும் கல்யாணப் பேச்சானாலும், தாளில் எழுதிக் கையெழுத்து விழாததை அவர் காதில் வாங்கியதே கிடையாது. நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "பொண்டாட்டி சலிச்சிக்கினா" என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது.

அண்ணன் போனதும் இவர் தட்டினார். "பிரின்டர் வாங்கு."

"பஜார் கடையில பிரின்ட் எடுத்துட்டு வந்துடறேனே" என்றேன்.

"என் பேச்ச ஊரான் படிச்சிட்டு எனக்குக் குடுக்கணுமா?"

திங்கட்கிழமை அவருடைய ஃபோனையும் எடுத்துக்கொண்டு போளூருக்கு இறங்கினேன். அன்று முழுக்க அவர் வாயில்லாமல் கிடந்தார், பக்கத்து வீட்டு அக்கா காவலுக்கு. கடைக்காரத் தம்பி, "ஒரு நாளைக்கு எத்தினி பக்கம் வரும்க்கா?" என்று கேட்டான். "தெரியாதுப்பா. பேசறதுக்குத்தான்" என்றேன். சிரித்தான். விவரம் சொன்னதும் சிரிப்பு நின்றது. இரண்டு தாள் எடுத்தான். ஒன்று மை மிஷினில் அடித்தது, ஒன்று லேசரில். விரலை நனைத்து இரண்டிலும் தேய்த்தான். மை எழுத்து இழுபட்டது. லேசர் எழுத்து அப்படியே நின்றது. எச்சில் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அதையே எடுத்தேன். கறுப்பு மட்டும்தான் வரும், அது போதும். படுக்கையில் இருந்தபடியே அடிக்க வேண்டும் என்பதால் ஒயர்லெஸ். தேவையான ஆப்பை அவருடைய ஃபோனில் ஏற்றிக் கொடுத்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வளைவுகளில் ஆடி ஆடி மேலே வந்து சேர்ந்தேன்.

டோனரில் ஒட்டியிருந்த நாடாவை இழுத்தேன், தாளை அடுக்கினேன். அதுவரை சரி. எங்கே வைப்பது என்பதில்தான் தப்பு நடந்தது. எங்கள் மலையில் ஒவ்வொரு வீட்டிலும் டவர் கிடைக்கிற இடம் என்று ஒன்று உண்டு. ஒருத்தர் வீட்டில் கொல்லைக் கல், ஒருத்தர் வீட்டில் மாட்டுக்கொட்டாய் மூலை. எங்கள் வீட்டில் அது சமையலறைப் பின் ஜன்னல். ஃபோன் தொங்கவிட அங்கே ஆணியே அடித்திருந்தோம். ஒயர்லெஸ் என்றால் டவர் வேண்டாமா? ஒயரை நீட்டி, பிரின்டரை அந்த ஜன்னலடியில் வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்து, "நல்ல எடம்டி, மூணு கோடு வரும்" என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் ஒரு தாளும் வரவில்லை. அவர் முன்னறையிலிருந்து அனுப்புவார். பிரின்டர் கிடைக்கவில்லை என்று ஃபோன் சொல்லும். நான் ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பேன். மிஷினை இடம் திருப்பி வைப்பேன். மழைப்பனி ஜன்னல் வழியே இறங்கித் தாளெல்லாம் அப்பளம்போல் சுருண்டது. ஃபோனில் அண்ணனுக்கு அவர் எழுதி வைத்திருந்ததைக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது ஓரக்கண்ணால் படித்துவிட்டேன்.

வியாழக்கிழமை பஜாரில் மருந்து வாங்கும்போது போளூர் கடைக்காரத் தம்பியை என் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். "அக்கா, டவருக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்லக்கா. மிஷினே ஒரு வைஃபை வுடும். ஃபோன்ல வைஃபைய ஆன் பண்ணா மிஷின் பேரு வரும், தொட்டாப் போதும். பாஸ்வேர்டு மிஷின் மேலயே ஒட்டிருக்கும்" என்றான். வைஃபை என்ற அந்தக் குறியை நாங்கள் ஒருநாளும் தொட்டதில்லை. வீட்டில்தான் அது கிடையாதே.

வீட்டுக்கு வந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

இதுதான் அந்தப் பெரிய காரணம். அவர் கரண்ட் வைக்கப் போக வேண்டும் என்று எனக்கும் ஆசை. கருகினாலும் உரிந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் போதும் என்று நினைத்தேன். தாள் வராவிட்டால் வேன் வரும். வேன் வந்தால் அவரைத் தூக்கிப்போவார்கள். என் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வியாழனும் வெள்ளியும் மிஷினைத் துடைத்தேன், தாளை மாற்றினேன், உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன். நாற்பது வருஷத்து வாழ்க்கையில் அவரிடம் அப்படி நடித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை காலையில் அவர் தட்டிக் காட்டினார். "மிஷின் ரிப்பேரா, நீ ரிப்பேரா?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் மரத்த விரல்களால் என் முழங்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சுருண்ட தாள்களை எடுத்துவிட்டுக் கட்டுப் பிரிக்காத புதுத் தாளை வைத்தேன். மிஷினைக் கட்டில் பக்கத்து முக்காலிக்குக் கொண்டுவந்தேன். கடைக்காரத் தம்பி சொன்னதுபோலவே ஃபோனில் வைஃபையை ஆன் செய்து மிஷின் பேரைத் தொட்டேன்.

உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நாலைந்து நாளாக அவர் அனுப்பியதெல்லாம் ஃபோனுக்குள்ளேயே வரிசையில் காத்திருந்திருக்கிறது. ஒவ்வொன்றாக வந்தது. "தண்ணி." "முதுகு வலிக்குது." "பூனைய வெளிய வுடு." "நீ சாப்ட்டியா." அதையே இன்னொரு தாளிலும். எல்லாம் பெரிய பெரிய எழுத்து. அதன் பிறகு அண்ணனுக்கு எழுதியது, நான்கு பிரதி. சூடாக இருந்தது. கன்னத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்றில் அவருடைய கட்டைவிரலை மையில் ஒற்றி ரேகை வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. அண்ணன் உள்ளே வரும்போதே, "கெளம்பலாமாடா?" என்றார். நான் தாளை நீட்டினேன்.

"இன்னா இது?"

"உங்க தம்பி பேசறாரு மாமா. பேப்பர்ல."

நின்றபடியே வாய்விட்டுப் படித்தார். "அண்ணா, நான் கீழ வரல. கரண்ட் வேணாம். என் ஸ்டாப் வந்துட்ச்சி, விசில் குடுத்துட்டேன். வூட்லயே எறங்கிக்கிறேன். அவ மேல கோவப்படாத."

ரேகையை நெடுநேரம் பார்த்தார். "டிரைவர் சாயா குடிச்சிட்டுப் போவட்டும்" என்றார் என்னிடம். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேன் காலியாக இறங்கியது. அவர் மட்டும் தம்பி கட்டிலருகில் தங்கிவிட்டார்.

பதினோரு நாள். அதில் கடைசி இரண்டு நாள் மிஷினுக்கு வேலை இல்லை.

சாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் கேட்டார்கள், கரண்ட் வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று. நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுப்பார், முதல் வார்த்தையிலிருந்து படிப்பார். வியர்வையில் தாள் ஊறி மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் தம்பிக்கு ஒரே குரல், முன்பெல்லாம் ஃபோனில் பேசினால் எனக்கே மாறிப்போகும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது புதிதாக வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்தது.