பச்சைப் பட்டனும் ஆரோக்கியமேரி டீச்சரும்

விழுப்புரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி வாங்கிக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, ஆரோக்கியமேரி டீச்சரின் எண்ணிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல எடுத்த எடுப்பிலேயே, "என்ன டீச்சர், மோட்டார் உறுமிக்கினு நிக்குதா?" என்றேன். பேசியது அவர் மகள் ஸ்டெல்லா. "அண்ணா, அம்மா போயிட்டாங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில இருக்கோம்" என்றாள். எனக்கு உடனே புரியவில்லை. போன் டீச்சருடையது, ஆனால் டீச்சர் இல்லை என்றால் அது என்ன கணக்கு? "சரிம்மா, வந்து பாத்துடறேன்" என்று ரிப்பேருக்குச் சொல்வதுபோலவே சொல்லி வைத்துவிட்டேன். பஸ் வந்தது, போனது. நான் கம்பிச் சுருளோடு அங்கேயே நின்றேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கும், டீச்சரிடம் கணக்குப் படித்த உங்களில் பலருக்கு அவரைப் பற்றி எழுத என்னைவிட உரிமை அதிகம். நான் அவரிடம் படித்தவன் இல்லை. திண்டிவனத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவர் வீட்டு போர்வெல் மோட்டாரை மாட்டிக் கொடுத்தவன். அடக்கத்தன்று கோயிலில், எல்லோரும் எழுந்தால் எழுவதா, முட்டி போட்டால் போடுவதா என்று தெரியாமல் கடைசித் தூணோரம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். சொந்தமில்லாதவன் எவ்வளவு அழலாம் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மோட்டாருக்குச் சுவரில் ஒரு பெட்டி உண்டு. அதிலுள்ள பச்சைப் பட்டனை அழுத்தினால், ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் என்ற சின்ன டப்பா மோட்டாரை முதலில் ஒரு தள்ளு தள்ளிவிடும். சுற்ற ஆரம்பித்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் டப்பா சூடாகி, வீங்கி, வெடித்துவிடும். பிறகு மோட்டார் உறுமும், சுற்றாது. மாட்டிய வாரத்திலேயே டீச்சர் ஒன்றை வெடிக்க வைத்தார்.

"ரெண்டு செகண்டுதான் டீச்சர். அதுக்கு மேல புடிக்கக் கூடாது" என்றேன்.

"ரெண்டு செகண்டுன்னா நான் கடிகாரத்தப் பாக்கறதா, உன் பெட்டியப் பாக்கறதா?" என்று கேட்டுவிட்டு யோசித்தார். புது டப்பா மாட்டியதும் பட்டனை அழுத்தி, இயேசுவையும் மாதாவையும் சூசையப்பரையும் கூப்பிட்டு, "சேசு, மரி, சூசை" என்றார். சூசையோடு விரல் மேலே வந்தது. மோட்டார் ஓடியது.

"இவங்க மூணு பேரே போதும் தம்பி. நாலாவது ஆளக் கூப்புட்டா உன் டப்பா வெடிச்சிடும்" என்று சிரித்தார். அதன்பிறகு அவர் இருந்தவரை எந்த டப்பாவும் வெடிக்கவில்லை.

எங்களுக்குள் சண்டையும் உண்டு. ஒரு கோடையில் மோட்டார் உறுமியது. பெட்டியைத் திறந்தவுடன், "கெப்பாசிட்டர் அவுட்டு" என்று தீர்ப்புச் சொல்லி மாற்றினேன். அப்போதும் உறுமியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சர், "விடை தப்புன்னா விடைய அழிச்சி எழுதினாப் போதாது தம்பி. மொத வரிக்குப் போ" என்றார். எனக்கு எரிச்சல். கடைசியில் பார்த்தால் தெருவுக்கே கரண்ட் குறைவாக வந்துகொண்டிருந்தது. கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். மறுநாள் அந்த டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கடைக்கே கொண்டுவந்தார். "நேத்து டீதான், சூடு பண்ணிருக்கேன்" என்றார். இன்றுவரை அது நிஜமா விளையாட்டா என்று எனக்குத் தெரியாது.

டீச்சர் போன பிறகு ஸ்டெல்லா அந்த வீட்டிலேயே தங்கினாள். உறவினர்கள் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வரச் சொன்னார்கள், அவளுக்கு மனமில்லை. அப்போதுதான் கெப்பாசிட்டர் வெடித்தது. மாற்றி, நானே பட்டனை அழுத்தி, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். சில நாளில் மறுபடி வெடித்தது. வேறு கடையில் வாங்கி மாட்டினேன், அதுவும் போயிற்று. கரண்டை அளந்தேன், சரி. பட்டனைப் பிரித்துப் பார்த்தேன், சரி. மோட்டாரையே மேலே தூக்கிப் பார்த்தேன், அதிலும் குறையில்லை. என் கை பட்டால் ஓடுகிறது, நான் போன பிறகு சாகிறது. என் தொழிலே எனக்கு மறந்துவிட்டதோ என்றிருந்தது.

"நான் இங்க இருக்கறது அம்மாவுக்குப் புடிக்கலையாண்ணா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். முப்பதாம் நாள் பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லையென்றால், வீட்டைப் பூட்டிவிடுவதாக அவள் முடிவு செய்திருந்தாள். பேய் பிசாசை நம்பாதவன் நான். ஆனாலும் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று எனக்கு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

முதல் வரிக்குப் போ என்றாரே டீச்சர். இந்தக் கணக்கின் முதல் வரி எது? புது டப்பாவை மாட்டிவிட்டு, முதல் முறையாக நான் ஒதுங்கி நின்றேன். "நீயே போடும்மா, நான் பாக்குறேன்" என்றேன்.

ஸ்டெல்லா பட்டனை அழுத்தினாள். சேசு, மரி, சூசை என்றாள். மோட்டார் ஓடியது. குழாயில் தண்ணீர் ஏறும் சத்தமும் கேட்டது. விரல் மட்டும் எழவில்லை. கண்ணை மூடியிருந்தாள். உதடுகள் நிற்காமல் அசைந்தன. அடக்கத்தன்று கோயிலில் கேட்ட, இறந்த ஆத்துமாவுக்காகச் சொல்லும் செபம், முழுவதும்.

"ஐயையோ, வெரல எடும்மா!" என்று கத்திவிட்டேன்.

திடுக்கிட்டு எடுத்தாள். "அம்மா சொல்றமாதிரியேதாண்ணா சொல்லிக்கினு இருந்தேன். கடைசில அம்மாவையும் சேத்துக்கினேன்" என்றாள்.

நாலாவது ஆள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டப்பா ஏன் வெடிக்கிறது என்பதை விளக்கிச் சொன்னேன். அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்தா அம்மாவ வுட்டுட்ட மாதிரி இருக்குதுண்ணா" என்றாள்.

கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தேன். பிறகு, "எடுத்துட்டுச் சொல்லும்மா. அது பாட்டுக்குத் தண்ணி ஏறிக்கினு இருக்கும். நீ எவ்ளோ நேரம் வேணாலும் சொல்லு" என்றேன். மோட்டாரை நிறுத்தி, மறுபடி போட்டாள். சூசையில் விரலை எடுத்தாள். கை கூப்பி, தொட்டி நிரம்பி வழியும்வரை அங்கேயே நின்று சொன்னாள்.

முப்பதாம் நாள் எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள். நானும் கழுவினேன். வீடு திறந்தே இருக்கிறது.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த மூன்று பெயர்கள்தான். ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் மோட்டார்களை ஓட்டிப் பார்க்கும்போது, நெற்றியில் திருநீறோடு, வாயில் தானாக சேசு, மரி, சூசை வருகிறது. மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டும் அவசரத்தில் நிற்பவர்கள், "என்னாண்ணே, வேதத்துல சேந்துட்டியா?" என்று, நான் கிறிஸ்தவனாகிவிட்டதாகக் கேலி செய்கிறார்கள். முருகன் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. சூசையில் விரலை எடுத்துவிடுகிறேன். மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு, நாலாவது ஆளையும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.