தொரை கிழித்த கோடு

கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்த முதல் நாள் எனக்குப் பேனா தரவில்லை. சுண்ணாம்பு வாளியும் பழைய பிரஷும் தந்தார்கள்.

பதுளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் தொரைக்குக் குறை கேட்கப் பிடிக்காது. அதனால் ஆபீஸ் வாசலில் ஒரு கோடு. குறை சொல்ல வருகிறவர்கள் அதற்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் அவருக்குக் கோபம் வரும். "கணக்கப்பிள்ளை, கோட்டைப் பத்து கெஜம் தள்ளு" என்பார். குறைக்கா பஞ்சம்? ஆறே மாதத்தில் கோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தையும் தேயிலை ஸ்டோரையும் கடந்து, தோட்டத்து எல்லைக் கல்லுக்கு வெளியே பசறை ரோட்டில் போய் விழுந்தது. தொரை வராந்தாவில் பைனாகுலரோடு உட்கார்ந்து குறைகளைப் பார்ப்பார். கேட்கத்தான் முடியாது.

அடங்கிப் போகிறவனை 'கிழித்த கோட்டைத் தாண்டாதவன்' என்பார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் கோட்டைக் கிழித்ததே நான்தான் என்பது வேறு விஷயம்.

ஒரு காலை கொழுந்து பறிக்கும் மாரியாயி நேராக வராந்தாவுக்கே வந்துவிட்டாள்.

"மகளுக்குத் தலைச்சன் பிரசவங்க. பசறையில ஒத்தையா கெடக்கு. எட்டு நாள் லீவு வேணுங்க."

லீவில்லாமல் போனால் பேர் வெட்டு; வேலை போகும். குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் போ. நான் கூப்பிடும்வரை வராதே" என்றார் தொரை. அதை ஆர்டர் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார்.

"சரிங்க தொரை" என்று இறங்கியவள் கோட்டைத் தாண்டினாள். நிற்காமல் நடந்தாள்.

"எங்கே போகிறாள்?" பைனாகுலரை இறக்காமல் கேட்டார்.

"கோட்டுக்கு அந்தப் பக்கந்தாங்க இருக்கா" என்றேன்.

ஒன்பதாம் நாள் கோட்டருகே வந்து நின்றாள். தொரை ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"லீவில்லாமல் போனாய். பேர் வெட்டு."

"நான் எங்கயும் போகலைங்க. நீங்க கூப்பிடலை, அங்கிட்டே இருந்தேன். பசறையும் கோட்டுக்கு அங்கிட்டுதானுங்களே?"

தொரை ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினார். அவர் கையெழுத்தேதான். அதற்குள் பெரட்டுக் களத்திலிருந்து நாற்பது பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எங்களுக்கும் ஒரு கொறை இருக்குங்க. கோட்டுக்கு அங்கிட்டுப் போயி நிக்கட்டுங்களா?"

மாரியாயியின் பேர் வெட்டப்படவில்லை. அன்று மத்தியானமே தொரையின் நாற்காலியிலிருந்து நாலடியில் புதுக் கோடு போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சுண்ணாம்பு அடித்ததில்லை.

பின்னாளில் என் கீழும் ஆட்கள் வேலை செய்தார்கள். யாருக்காவது எல்லை போடுவதற்கு முன், அந்தப் பக்கம் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.