நான் மாற்றி அடைத்த மஞ்சள்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. முன்னே சொல்ல வேண்டியது பின்னே வந்தாலும், சிலது மறந்து விட்டுப்போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது ஓசூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஷிப்ட் முழுக்க நின்று செய்கிற வேலை. இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டது. படியேறும்போது குழந்தை மாதிரி இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்துத்தான் ஏறுவார். வலிக்கிறதா என்று கேட்டால், படி உயரமாகக் கட்டிவிட்டான் என்பார்.

கம்பெனி டிஸ்பென்சரி டாக்டர் அவரை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டார். மஞ்சளிலிருந்து சத்தைத் தனியாகப் பிரித்து மாத்திரையாக்கி, அது முழங்கால் வலிக்குக் கேட்கிறதா என்று பார்க்கிறார்களாம். அதற்காக பெங்களூரிலிருந்து ஒரு பெண் பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் ஒரு காகிதத்தை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். குழம்பில் போடுவதற்கு மேல் மஞ்சளோ, வேறு வலி மருந்தோ எடுத்தால் நீக்கிவிடுவோம் என்றது மட்டும்தான் காதில் விழுந்தது.

அவள் கேட்கிற கேள்விகள் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. எத்தனை படி ஏறினீர்கள், எத்தனை நிமிஷம் நின்றீர்கள், குந்தி எழுந்தால் எப்படி இருக்கிறது. முப்பது வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இடது கால் அன்றைக்கே சத்தம் போடுகிறது, வலது கால் யோசித்து மறுநாள் போடுகிறது என்று ஒரு தடவை சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். ஞாயிறு வந்தால் காலையிலேயே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது, அந்தப் பெண் மாதத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிற மாத்திரை டப்பா உருண்டு, ஒரு மாத்திரையின் கூடு இரண்டாகக் கழன்றுகொண்டது. உள்ளே இருந்த தூள் மஞ்சள் நிறம்தான். ஆனால் மோந்து பார்த்தால் வாசனையே இல்லை. விரலில் தேய்த்தேன், தண்ணீர் பட்டதும் போய்விட்டது. நாக்கில் வைத்தேன், அரிசி மாவு. மஞ்சள்தூளில் கலப்படம் செய்கிற ஊரில் மாத்திரையில் செய்யமாட்டார்களா என்று நினைத்தேன். பாவம் அந்தப் பெண்ணையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், சொன்னால் அழுதுவிடுவாள் என்று பட்டது.

ஊத்தங்கரைப் பக்கம் என் தங்கை வீட்டில் மஞ்சள் போடுவார்கள். அவள் வேகவைத்துக் காயவைத்து அரைத்துக் கொடுத்த தூள் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய இருந்தது. அவர் ஷிப்டுக்குப் போனதும் ஒவ்வொரு மாத்திரையாகக் கழற்றி, அந்த மாவைக் கொட்டிவிட்டு, தீக்குச்சி முனையால் எங்கள் மஞ்சளை அடைத்து மூடினேன். புது டப்பா வரும்போதெல்லாம் இதே வேலை. என் விரலைப் பார்த்துவிட்டு, என்னமே தினம் மஞ்சள் பூசிக் குளிக்கிறே, மாப்பிள்ளை பார்க்க வராங்களா என்றார். நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அவருக்குக் கால் நன்றாகத்தான் ஆனது. படிக்கு ஒரு கால் வைத்து ஏறினார். தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். அடுத்த ஞாயிறு அதையும் சொன்னார். அந்தப் பெண் சந்தோஷமாக எழுதினாள். இதையெல்லாம் எழுதி என்ன செய்வீர்கள் என்று அவர்தான் கேட்டார்.

"இதெல்லாம் சேர்த்துதான் சார், நாளைக்கு உங்க மாதிரி இருக்கிறவங்களுக்கு இந்த மாத்திரை குடுக்கலாமா வேணாமான்னு சொல்லுவாங்க" என்றாள்.

யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, இவர் சொன்னதை நம்பி அந்த மாவை விழுங்கிக்கொண்டு வலியோடு படியேறுவார். சொல்லிவிட்டால் இவரை நீக்கிவிடுவார்கள். அப்புறம் இவர் காலைப் பற்றிக் கேட்க யார் வருவார்கள்? சமையலறைக்குள் போனேன். பிறகு அந்த எவர்சில்வர் டப்பாவையும் ஒரு தீக்குச்சியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். கோபப்படவில்லை. பாதிப் பேருக்கு மஞ்சள் சத்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு, இதை முதல் நாளே சொன்னேனே அம்மா என்றாள். மருந்து என்று நம்பினாலே கொஞ்சம் வலி குறையுமாம். அதைக் கழித்தால்தான் மஞ்சளின் வேலை எவ்வளவு என்று தெரியுமாம்.

"யாருக்கு எதுன்னு எனக்கே தெரியக்கூடாதும்மா. நீங்க இப்ப எனக்கும் சொல்லிட்டீங்க" என்றாள்.

வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருசமா சோத்துல இன்னும் என்னென்ன கலந்தியோ" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அவர் முகம் வாடித்தான் இருந்தது. அப்ப என் பேரை அடிச்சிடுவீங்களா மேடம் என்று மெதுவாகக் கேட்டார்.

அடிக்க மாட்டேன், நடந்ததை நடந்தபடி எழுதுவேன், கணக்கில் மட்டும் சேராது என்றாள். ஆனால் ஒரு தடவை சேர்த்த ஆளைக் கடைசி வரைக்கும் பார்த்து முடிக்க வேண்டும், அதுவும் விதிதான் என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

எந்த மாதத்திலிருந்து மாற்றினீர்கள் என்று என்னைக் கேட்டாள். இரண்டாவது டப்பாவிலிருந்து என்றேன். அவள் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். கொஞ்சம் வலி குறைந்ததாக அவர் வெறும் மாவு இருந்த முதல் டப்பாவிலேயே சொல்லியிருந்தார். அவள் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டாள்.

இப்போது யோசித்தால் நான் மாற்ற ஆரம்பித்தது முதல் டப்பாவின் பாதியிலேயோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. கேட்கவும் அவர் இல்லை. அந்தப் பெண்ணோ, அந்தக் காகிதங்களை வைத்திருக்கிற யாராவதோ இதைப் படித்தால், நான் சொன்ன மாதம் சரிதானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.