அண்ணன் அனுப்பிய தோல் சோபா

வாசல் கதவைக் கழற்றித்தான் அந்த சோபாவை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். நான் வேலை முடிந்து வந்தபோது கதவு வெளிச்சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கறுப்புத் தோல் சோபா கிடந்தது. அம்மா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை.

நான் கடையில் சொல்லிவிட்டு வந்தது துணி சோபா.

எங்களுடையது கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து வீடு. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிய வரிசைதான் என்றாலும் எல்லாரும் இன்னும் லைன் என்றுதான் சொல்கிறார்கள். அம்மா கொழுந்து எடுத்தே முட்டியைத் தேய்த்துக்கொண்டவர். நான் தோட்டத்தின் தேநீர்க் கடையில் மேற்பார்வையாளர். சுற்றுப்பயணிகள் கேக்கும் தேநீரும் வாங்கிக்கொண்டு பச்சை மலையைப் படமெடுக்கும் கடை. நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இருவர் மட்டுமே. எங்களிடம் இருந்த பிரம்பு நாற்காலி தொய்ந்துபோய், அதில் உட்கார்ந்தால் அம்மாவை நான்தான் தூக்கிவிட வேண்டும் என்ற நிலை வந்தது. அதனால்தான் ஒரு சனிக்கிழமை லீவு போட்டு அம்மாவைக் காடியில் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துக்கு இறங்கினேன்.

சோபாக் கடையில் இருந்த பையன் நம் தமிழ் ஆள்தான். நேராகத் தோல் சோபாக்களிடம் கூட்டிப்போனான்.

"அக்கா, இப்ப எல்லாரும் இதான் எடுக்கிறாங்க. ஈரத்துணியால ஒரு தொடை, அவ்ளோதான். கறை ஒண்ணும் நிக்காது."

அம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் புதைந்தார். புடவை வழுக்கி இடுப்பு முன்னால் வந்துவிட்டது, கால் தரையில் பாவவில்லை. எழுப்ப நானும் அந்தப் பையனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

கடையின் பின்வரிசையில் ஒரு துணி சோபா இருந்தது. உட்காரும் இடம் உயரம், மெத்தை கெட்டி, இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி. அம்மா அதில் உட்கார்ந்து, கைப்பிடியை ஊன்றி, யார் உதவியும் இல்லாமல் எழுந்தார். திரும்ப உட்கார்ந்து, திரும்ப எழுந்தார்.

"இது போதும்மா. புடிச்சுக்க மரம் இருக்கு."

துணியிலும் தொல்லை உண்டு என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் மத்தியானம் தாண்டினால் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் தோல் அதைவிட மோசம். எங்கள் தேநீர்க் கடையில் முதலில் போட்டிருந்த தோல் நாற்காலிகளில் மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்தது. பிறகு உரிய ஆரம்பித்து, உரிந்தது வெள்ளைக்காரர்களின் காற்சட்டையில் ஒட்டிக்கொண்டு போனது. அதனால் நான் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு, ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கக்கூடிய உறை இருக்கிறதா என்று திறந்தே பார்த்தேன். இருந்தது. கருந்தேயிலை நிறத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தோம்.

அம்மா சந்தோஷத்தில் கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனிடம் சொல்லிவிட்டார். மறுநாளே அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"துணி சோபாவா? என்னா பாப்பா நீ. அடுத்த மாசம் என் மகளைக் குடுத்த சம்பந்தி வீட்டுக்காரங்க கேமரன் வர்றாங்க. நம்ம வீட்டுக்கு வராம போவாங்களா?"

"வரட்டும்ண்ணே. துணியில உட்காந்தா அவங்களுக்கு என்ன ஆயிடும்?"

"ஏற்கனவே லைன் வீடுன்னா ஒரு மாதிரி நெனைப்பாங்க லா. உள்ள வந்து பாத்தா கொஞ்சம் டீசண்டா இருக்க வேணாமா?"

"அம்மா முட்டிக்கு அதுதான் சரி. உட்கார வச்சே பாத்துட்டேன்."

"சரி, சரி" என்று வைத்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வந்து இறங்கியது தோல். கடைப் பையனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணன் கூப்பிட்டு மாத்தச் சொன்னாருக்கா. மிச்சத்தையும் அவரே கட்டிட்டாரு. வீட்டு ஆம்பள சொல்றப்ப நாங்க என்ன பண்றது?"

"இந்த வீட்ல ஆம்பள யாரும் இல்ல தம்பி. நானும் எங்கம்மாவும்தான் இருக்கோம். உங்கிட்ட வந்து நின்னது நாங்க ரெண்டு பேரும்தானே?"

போனை வைத்துவிட்டேன். அந்த வீட்டு ஆம்பளை இந்த வீட்டில் ஒரு இரவு தூங்கிப் பல வருடம் ஆகிறது. தீபாவளிக்கு வந்தால்கூடத் பக்கத்து டவுன் தானா ராத்தாவில் ஹோட்டல் எடுத்துத் தங்குகிறவர். எங்கள் குளியலறையில் சுடுதண்ணீர் சரியாக வருவதில்லையாம்.

அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. அவன் ஆசையா அனுப்பியிருக்கான். சம்பந்திங்க வந்துட்டுப் போகட்டும்." பல்லைக் கடித்துக்கொண்டு கதவை மாட்டினேன்.

எங்கள் ஊர்க் காலைக் குளிரில் தோல் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஐஸ்கட்டி மேல் உட்கார்வதுபோல. அம்மா பழைய கம்பளியை அதன் மேல் விரித்து உட்காரப் பழகிக்கொண்டார். சம்பந்திகள் வருவதாக இருந்த அன்று அண்ணன் முன்னாலேயே வந்து, முதல் வேலையாக அந்தக் கம்பளியை உருவி அறைக்குள் எறிந்தார். "அசிங்கமா இருக்குமா" என்றார். அம்மா சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் புதுப்புடவையோடு உட்கார்ந்திருந்தார். நான் சுட்ட வடை ஆறிப்போனது. அந்தி நேரத்தில் போன் வந்தது. வழியில் பிரிஞ்சாங்கில் ஒரே டிராபிக் ஜாமாம், காடி நகரவே இல்லையாம், அப்படியே கீழே இறங்கிவிட்டார்களாம். அடுத்த தடவை கட்டாயம் வருகிறார்களாம்.

அண்ணன் பரவாயில்லை என்று சிரித்துப் பேசினார். எனக்கு வடைத் தட்டைத் தூக்கி அந்தத் தோலில் கொட்ட வேண்டும்போல இருந்தது.

மழை ஆரம்பித்ததும் தையல் ஓரங்களில் மாவு தூவியதுபோலப் பூஞ்சணம் வந்தது. துடைத்தேன், மறுபடியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் துடைப்பதே வேலையானது.

பிறகு ஒருநாள் நான் கடையில் இருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சோபாவிலிருந்து எழப்போன அம்மா வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் எலும்பு முறிந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். அங்கிருந்தே அண்ணனுக்குச் சொன்னேன்.

"அம்மாவ ஏன் அதுல தனியா உட்கார விட்ட?" என்று கேட்டார்.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். தனியாக உட்கார்ந்து தனியாக எழ வேண்டும் என்பதற்காகத்தானே நான் ஈப்போ வரைக்கும் போனேன்.

"அண்ணே, உன் சோபா உன் வீட்டுக்கே வருது" என்றேன். கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "போய் ஒரு மடக்கு தண்ணி குடி" என்றார்.

என்னோடு வேலை செய்கிறவளின் கணவர் பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். அவரிடம் கேட்டேன்.

"காய் ஏத்தற லோரி லா அக்கா. முட்டைக்கோஸ் வாடை ஏறிடும்."

"ஏறட்டும்" என்றேன்.

மறுபடியும் கதவைக் கழற்றினோம். அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் அழுதார்.

"புள்ள குடுத்தத திருப்பி அனுப்புறியே, நல்லாருக்காடி?"

"உன் கை ஒடிஞ்சது மட்டும் நல்லாருக்கா?" என்று கத்திவிட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதும் என் கோபம் அடங்கவில்லை. இடுப்பு வலிக்க அவரைத் தாங்கியவள் நான், அவர் அழுததோ அனுப்பிவைத்தவருக்காக.

அண்ணன் இருக்கும் அடுக்குமாடியில் லிஃப்டில் சோபா நுழையவில்லை. லோரிக்காரர் அதைக் காவலாளி அறைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு வந்துவிட்டார். அண்ணன் போனில் கொதித்தார்.

"கோஸ் இலை ஒட்டிக்கிட்டுக் கீழ கெடக்குது. போறவன் வர்றவன் எல்லாம் கேக்குறான். என் மானமே போச்சு!"

"தொடைச்சா போயிடும்ண்ணே. தோல்தானே" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். அதே பையன், அதே துணி சோபா. எழுதுவதற்கு முன்னால் தயங்கினான்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களாக்கா?"

"கேக்கணும்னா எங்கம்மாவத்தான் கேக்கணும். அன்னிக்கு அவங்க ஒக்காந்து எந்திரிச்சத நீயும்தானே பாத்த?"

தலையைக் குனிந்துகொண்டு எழுதினான்.

அந்த சோபா எங்கள் கூடத்துக்கு அளவாக இருக்கிறது. குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். மழை விடாத வாரங்களில் மெத்தையிலிருந்து ஈரவாடை வரும். வெயில் எட்டிப்பார்த்ததும் ஜிப்பைத் திறந்து உறையைக் கழற்றி ஓடுவேன். ஒரு மூலையில் மீன்குழம்புக் கறை இருக்கிறது, போகவே இல்லை. ஆனால் அம்மா விடிந்ததும் அதில் உட்கார்கிறார், அவராகவே எழுந்து கொல்லைப்பக்கம் போய்வருகிறார்.

அண்ணன் தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. தீபாவளியன்று வந்து அதே துணி சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார். சோபாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் ஆறாதது அம்மாவின் பேச்சுதான். யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்வார்: "என் மகன் பெரிய தோல் சோபா வாங்கி அனுப்புனான். எங்களுக்குத்தான் அத வச்சுப் பொழங்கத் தெரியல."

நான் சமையலறையிலிருந்து, வந்தவர்கள் காதில் விழட்டும் என்றே, "ஆமா, தெரியலதான்!" என்று பதில் கொடுப்பேன். அவர்கள் தேநீரை வேகமாகக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.