லவெர்ன் பார்க்க வந்த படம்

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் அந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலே சண்டை வரும். மொன்டானாவின் இந்த மூலைக்குப் பெரிய கம்பெனி ஒன்று வந்து, கோடை முழுக்கக் குதிரையையும் புழுதியையும் படம் பிடித்தது. ஊரே கூட்டமாக நின்று நடித்தது. படம் வந்ததும் பத்திரிகைக்காரர்கள் காறித் துப்பினார்கள். பாதியை வெட்டி மறுபடி விட்டார்கள், அதுவும் ஊத்திக்கொண்டது. என் மதுக்கடையில் எவனாவது சொதப்பினால் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் கேலி செய்வோம்.

லவெர்ன் மட்டும் சிரிக்க மாட்டாள். பள்ளிக்கூடச் சமையல்கட்டிலேயே ஆயுசைக் கழித்தவள். அவள் புருஷன் ஹார்லன் அந்தப் படத்தின் சவ ஊர்வலக் காட்சியில் நின்றான். அடுத்த பனிக்காலத்தில் குதிரை மேலே விழுந்து செத்துப்போனான். அப்புறம் வீடு எரிந்தது. கல்யாணப் போட்டோகூட மிஞ்சவில்லை. வெட்டி விட்ட படத்தில் சவ ஊர்வலமும் இல்லை.

"அவரு முகம் மறந்துகிட்டே வருதுடி. மூக்கு ஞாபகம் இருக்கு, கண்ணு வர மாட்டேங்குது" என்பாள்.

"இன்னொருத்தனைக் கட்டிக்கடின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டியா?" என்று எரிந்து விழுவேன். வேறென்ன சொல்ல?

போன வருஷம் முழுப் படத்தையும் செப்பனிட்டுக் காவியம் என்று கொண்டாடினார்கள். அன்றைக்கு மண் என்ற வாய் இன்றைக்கு மாணிக்கம் என்கிறது. நரம்பில்லாத நாக்கு! எங்கள் பள்ளிக்கூட அரங்கிலேயே திரையிட்டார்கள். லவெர்ன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சவ ஊர்வலம் வந்தது. இங்கே சவப்பெட்டி கடந்து போனால் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துத் தலை குனிய வேண்டும். படம் பிடித்த அன்றைக்கு, காலிப் பெட்டி என்று தெரிந்தும் எங்கள் ஆம்பளைகளுக்குத் தலை நிமிரவில்லை. "முகத்தைக் காட்டுங்கய்யா!" என்று டைரக்டர் தொண்டை கிழியக் கத்தியும் பலிக்கவில்லை. திரை முழுக்க வழுக்கையும் வகிடும்தான்.

லவெர்ன் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இதுல எதுடீ அவரு?"

எனக்கும் தெரியவில்லை. பாவி மனுஷன், அன்றைக்கு ஒரு நாளாவது மரியாதை கெட்டு நின்றிருக்கக் கூடாதா?

படம் முடிந்ததும் அதைச் செப்பனிட்ட நகரத்துப் பையன் மேடையேறினான். "ஒரு முகம்கூடத் தெரியாத துக்கம்! இது மேதையோட வேலை!" என்றான். அரங்கம் கைதட்டியது. லவெர்ன் எழுந்து நின்றாள்.

"தம்பி, அந்தக் காட்சியை வேற மாதிரி எடுத்தது எதுவும் இருக்கா?"

"இருந்துச்சு மேடம். ஒண்ணுல நெட்டையா ஒருத்தர் தலையைத் தூக்கி, கேமராவுக்குப் பக்கத்துல யாரையோ பார்த்துச் சிரிச்சிட்டாரு. நல்லா பல்லு தெரிய!" அவன் சொன்ன விதத்தில் அரங்கமே சிரித்தது. "சீனே கெட்டுப்போச்சு. ஃபிலிமும் உளுத்துப் போயிருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டோம்."

லவெர்ன் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்டி அங்க சாப்பாட்டோட நின்னேன்" என்றாள்.