மாசா தந்த பாதி வழி

போனது அத்தானும் நானும். அம்மா வரவில்லை, மயிலிட்டியிலிருந்து கொழும்புக்குப் போகவே அவவின் முழங்கால் விடாது. பெரியண்ணை நாங்கள் போன நாட்டிலேயே இருந்தார், பதினொரு வருடமாக மண்ணுக்குள்.

ஐரோப்பாவுக்கு என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் அண்ணையை மேற்கு ஆபிரிக்காவில், கினி நாட்டில் விட்டுவிட்டு மறைந்தான். மலைக்காட்டு ஊரான மசெந்தாவுக்கு அருகே மாசா என்ற பெண் அறை கொடுத்து, காய்ச்சலில் பார்த்து, கடைசியில் அடக்கமும் செய்தாள். அவளில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நேரே சொல்லவேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன். ஆனால் அங்கே பேசும் பிரெஞ்சு, பாரிஸில் சமையல் செய்யும் அத்தானுக்குத்தான் வரும்.

தலைநகரிலிருந்து எண்ணூறு கிலோமீற்றர் அளவு. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மசெந்தாவில் கார் பிடித்தோம். வாடகை அந்த நாட்டுக் காசில் மூன்று இலட்சம் பிராங். சாரதி மொமோ. மூடுபனி மரங்களின் இடுப்பளவில் நின்றது. தட்டையான ஊரில் பிறந்த எனக்குத் தெரு மேல்நோக்கிப் போவதே அதிசயம். மண் மட்டும் எங்கள் வலிகாமத்துச் சிவப்பு. சரிவெல்லாம் கோப்பி, மரவள்ளி, வரம்பே இல்லாத நெல். ஓடையில் அந்தப் பகுதி லோமா இனப் பெண்கள் கைவலையால் மீன் வாரினார்கள். வலை முடிச்சைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னேன். எங்கள் ஐயா போடும் முடிச்சு. அண்ணை பழக்கியிருக்கிறார்.

மாசா மரவள்ளி இலைக் கறியோடு சோறு தந்தாள். அத்தான் அம்மா சொன்னதைச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்தாள். அண்ணையின் குழியடியில் கும்பிட்டுவிட்டு, செத்தவீட்டிலிருந்து எழும்புவதுபோல, போய்வருகிறோம் என்று சொல்லாமல் காரில் ஏறினோம்.

வளைவு தாண்டியதும் மொமோ காரை நிறுத்தினார். வழி கேட்டீர்களா என்றார். இங்கே விருந்தாளி, விடைதரச் சொல்லி வீட்டுக்காரரிடம் வழி கேட்டு வாங்கித்தான் போகவேண்டுமாம். கேளாமல் போகிறவன் கோபத்தில் போகிறவன்.

"செத்தவீட்டில போட்டு வாறம் எண்டு சொல்லேலுமோ?" என்றார் அத்தான்.

"உது எங்கடை வழக்கம். அவவுக்குத் தெரியுமே? திருப்பச் சொல்லுங்கோ, அத்தான்."

மாசா வாசலில் இருந்தாள். நாங்கள் சாப்பிட்ட கோப்பைகள் கழுவாமல் பக்கத்தில் கிடந்தன. அத்தான் வழி கேட்டார். அவள் கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு சொன்னதை அத்தான் எனக்குத் தமிழில் சொன்னார்: "பாதி வழிதான் தருவாவாம். மிச்சத்துக்குத் திரும்பி வரவேணுமாம்."

"போட்டு வாறம்," என்றேன், தமிழிலேயே.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் சொன்னபோது அம்மா காலை நீட்டித் தடவிக்கொண்டே கேட்டா: "மிச்சப் பாதிக்கு எவ்வளவு காசு முடியும்?"

விமானம், விசா, கார் என்று என் ஒருவனுக்குச் செலவானதைச் சொன்னேன்: ஏழு இலட்சத்து நாற்பதினாயிரம் ரூபா.